ஜசிந்தாவின் முதுகுக்குப் பின்னால்

ஐஸ் ஹொக்கியில் கோல் நடுவர் என்றொரு பதவி இருந்தது. கோல் கூட்டுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு நாற்காலி. கையில் ஒரு பொத்தான். விளையாடுகிற கறுப்பு ரப்பர் வில்லை கோல் கோட்டை முழுவதுமாகத் தாண்டினால் பொத்தானை அழுத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரியும். தாண்டாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அண்மையில் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம் பார்த்தேன். கோலுக்கு மேலே கமெரா தொங்குகிறது, நாற்காலியைக் காணவில்லை. கமெராவுக்கு உறவினர் இல்லை, ஊர் வாய்க்குப் பயம் இல்லை, நல்லவன் என்று பெயரெடுக்கும் ஆசையும் இல்லை. ஆகவே அது சரியான தீர்ப்புச் சொல்கிறது.

எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர்கள் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தைக் கேட்டார்கள். "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையை எழுதுங்கோ மாஸ்ரர்" என்றார்கள். கஷ்டப்பட்டது உண்மை. முன்னுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. நான் பார்த்த வேலைகளில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றில் நான் யாருக்கும் பெரிய தீங்கு செய்யவில்லை.

ஊரில் நான் கணித ஆசிரியர். இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து, பணக்கார லிபெர்த்தா பக்கத்தில் ஒரு முதிய வழக்கறிஞரைப் பராமரித்தேன். அவர் இறந்ததும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்கோ வெக்கியோவுக்கு அருகே பழைய பண்டகசாலை ஒன்றை ஐஸ் அரங்காக மாற்றியிருந்த இடத்தில் வேலை கிடைத்தது. பலெர்மோவில் ஐஸ் அரங்கா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். வெளியே சனங்கள் வெயிலில் பணிஸுக்குள் ஐஸ்கிரீம் வைத்துத் தின்றுகொண்டு நிற்பார்கள். உள்ளே நான் இரண்டு மேலங்கி போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன்.

ஐஸ் தளம் ஊற்றிச் செய்வதல்ல, பூசிச் செய்வது. மெல்லிய படலமாகத் தெளித்து, உறைந்ததும் மேலே இன்னொரு படலம். பாதியில் வெள்ளைச் சாயம். அதற்கு மேல் நூல் பிடித்துச் சிவப்புக் கோடும் நீலக் கோடும். அதையும் தண்ணீரால் மூடி உறைய விடவேண்டும். கோல் கோட்டை நானே வரைவேன். பிறகு அந்தக் கோட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவனும் நானே.

அரங்கின் இயக்குநரை எல்லோரும் டிரெத்தோரே என்றுதான் அழைப்போம். குளிரை வெறுத்தவர். கம்பளிச் சால்வையோடு, ஐஸில் கால் வைக்காமல், ஓரத்து ரப்பர் விரிப்பிலேயே நடப்பார். நடந்துகொண்டே தோடம்பழம் உரிப்பார். அவர் கட்டளை இட்டு நான் கேட்டதில்லை. "சிலர் சொல்கிறார்கள், புரொபெஸ்ஸோரே, இடது மூலையில் ஐஸ் கொஞ்சம் மென்மையாம். நான் சொல்லவில்லை" என்பார். அந்தச் சிலர் யார் என்று கேட்கக் கூடாது. மூலையைச் சரிசெய்ய வேண்டும். கோபம் வந்தால் நன்றி சொல்வார். ஒருமுறை நான் தவறான விசையைத் திருப்பி, விடியும்போது அரங்கு குளமாகிக் கிடந்தது. அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "கிராத்ஸியே, புரொபெஸ்ஸோரே" என்றார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

என்னைக் கோல் நடுவராக்கியவரும் அவர்தான். காரணத்தை ஒளிக்கவில்லை. "இந்த நகரத்தில் எந்த அணியிலும் மச்சான் மருமகன் இல்லாத மனிதனை எங்கே போய்த் தேடுவேன்? உமக்கு யாரும் இல்லை. அதுதான் உமது தகுதி."

அந்தத் தகுதி ஒரு வருடம் நீடித்தது. பிறகு ஜசிந்தா வந்தாள்.

அவளுடைய தாய் றெஜினா மன்னார்க்காரி, கணவனை இழந்தவள். லிபெர்த்தாவில் காலையில் இரண்டு வீடு, மாலையில் எங்கள் அரங்கின் உடைமாற்றும் அறைகள் என்று துப்புரவு வேலை செய்தாள். பதினேழு வயது ஜசிந்தா சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் மேசையில் நின்றாள். பெண்கள் அணியின் கோல் காப்பாளர் இன்னொரு வழக்கறிஞரின் மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் படத்தில் பல் முக்கியம் என்று வருங்கால மாமியார் தடுத்துவிட்டார். அந்த அணியில் எல்லோருக்கும் கோல் போட விருப்பம். கோலில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. பயிற்சியாளர் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். மறுக்க முடியாத ஒருத்தி மேசைக்குப் பின்னால் நின்றாள்.

"மாஸ்ரர், உவளுக்கு அடிபடாதோ?" என்று றெஜினா என்னிடம் கேட்டாள்.

"உடம்பெல்லாம் மெத்தை கட்டித்தான் விடுகினம்."

"அவ்வளவு மெத்தையெண்டால், ஏன் அந்தப் பணக்காரச் சிஞ்ஞோராமாரின்ரை பிள்ளையள் நிக்கேல்லை?"



முதல் குளிர்காலம் முழுவதும் ஜசிந்தா விழுந்தாள். இரண்டாவதில், விழவேண்டிய நேரத்தில் மட்டும் விழுந்தாள். கோல் காப்பாளரின் கல்வி அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மூன்றாவது பருவத்தில் தெற்கில் அவளைப்போல் இன்னொருத்தி இல்லை.

நான் அவளை எப்போதும் முதுகுப்புறமாகவே பார்த்தேன். கோல் காப்பாளரின் முகத்தை எதிரணி பார்க்கும். முதுகைக் கோல் நடுவர் மட்டுமே பார்ப்பார். அவள் பின்னால் திரும்புவதே இல்லை. மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு; அதோடு தான் எங்கே நிற்கிறாள், கோடு எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "கோடு காலுக்குத் தெரியும் மாமா. கண் எதுக்கு?" என்பாள். கோல் காப்பாளரின் திறமையில் பெரும்பங்கு இதுதான் என்று பிற்பாடு விளங்கிக்கொண்டேன். முன்னால் வருவதை எவரும் பார்க்கலாம். பின்னால் இருப்பதை நம்பவேண்டும்.

ஆட்டம் முழுவதும் அவள் தமிழில் பேசிக்கொண்டிருப்பாள். பயிற்சியாளர் அதைச் செபம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நிற்பார். அரங்கிலேயே நான் ஒருவன்தான் அந்தச் செபத்தை விளங்கிக்கொண்டவன். பயிற்சி ஆட்டத்தில் சொந்த அணிப் பெண் ஒருத்தி வேகமாக வந்தால், "வாடி வா. உன்ரை வீட்டுக் கம்பளத்தை எங்கடை அம்மா தட்டுறா. உன்ரை வில்லையை நான் தட்டுறன். குடும்பத் தொழில்" என்பாள். வில்லை எதிர்ப்பக்கம் போய்விட்டால் என்னிடம் பேச்சு: "மாஸ்ரர் மாமா, நித்திரையோ? நித்திரையெண்டால் நல்லம். அப்பிடியே கிடவுங்கோ. விளக்கிலை கை வையாதேங்கோ."

அந்தப் பருவத்தில் வடக்கிலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் வந்து ஜசிந்தாவின் ஆட்டத்தை இரண்டுமுறை பார்த்தார். மலைப்பக்க ஊர் ஒன்றின் பெரிய கழகத்தைச் சேர்ந்தவர். இறுதிச்சுற்று அந்த ஊரில் நடக்கப் போகிறது, எங்கள் அணி அங்கே வந்தால் கழகத் தலைவர்கள் ஜசிந்தாவை நேரில் பார்ப்பார்கள், பார்த்தால் எடுத்துக்கொள்வார்கள், தங்க ஓர் இடம், அரங்கில் ஒரு வேலை, அணியில் கோல். இதுதான் அவர் சொன்னது. போவதற்கு அரையிறுதியில் ஒரு வெற்றி வேண்டும். அதுவும் எங்கள் அரங்கிலேயே.

றெஜினா மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "போகட்டும் மாஸ்ரர். இஞ்சை நிண்டால் இவள் றெஜினாவின்ரை மகள். அங்கை போனால் ஜசிந்தா."

அரையிறுதிக்கு வந்தது கடல் தாண்டி இத்தாலியப் பெருநிலத்திலிருந்து ஓர் அணி. ஆட்டத்துக்கு முதல் நாள் டிரெத்தோரே தோடம்பழத்தோடு வந்தார்.

"சிலர் சொல்கிறார்கள், புரொபெஸ்ஸோரே, கோல் காப்பாளரும் கோல் நடுவரும் ஒரே பானைச் சோறு தின்பவர்களாம். எதிரணி மேலாளர் நாளை கோலைப் பார்க்கமாட்டாராம், உம்மைத்தான் பார்ப்பாராம். நான் சொல்லவில்லை."

அப்போதே நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். இன்னொருவரை இருத்துங்கள் என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. ஊரில் என் வகுப்பில் அக்காவின் மகன் படித்தான். அவனுடைய விடைத்தாளை மற்றவர்களுடையதைவிட இறுக்கமாகத் திருத்துவேன். கேள்விக்குறியான இடங்களில் புள்ளியைக் குறைப்பேன். அக்கா அழுதாள். ஊர் என்னைப் புகழ்ந்தது. சொந்தப் பிள்ளைக்குக் குறைத்துப் போடுபவனை நேர்மையான வாத்தியார் என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு உண்டு. குறைத்துப் போடுவதும் பிழையான புள்ளிதான் என்று எந்தக் கணித ஆசிரியனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் எங்கள் பங்குச் சனம் முதல்முறையாக அரங்குக்கு வந்தது. ரோல்ஸும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவந்து, குல்லாவும் கையுறையுமாக ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் இருந்தார்கள்.

"தலைமன்னாரிலை ஐஸ்பழம் வாங்கினால் வீடு வரைக்கும் தாங்காது. இவள் ஐஸுக்கு மேலை நிண்டு சீவிக்கிறாள்."

"உந்தக் கவசத்துக்குள்ளை இருக்கிறது எங்கடை பிள்ளைதானெண்டு என்னெண்டு தெரியும்?"

"சிலுவை போடுறாள், பார். வேறை ஆர் போடப் போகினம்?"

எதிரணி மேலாளர் சொன்னபடியே செய்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஆட்டம் முழுவதும் என்னைப் பார்த்தபடி நின்றார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசிக் கட்டத்தில் இருந்தது. நெருக்கத்திலிருந்து ஓர் அடி. ஜசிந்தா காலால் தடுத்தாள். வில்லை மேலே எழும்பி அவள் தோளைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே மல்லாக்க விழுந்து, கையுறையால் பின்பக்கமாக அறைந்து வில்லையை மூடினாள்.

கோல் நடுவர் வில்லையைப் பார்க்கக் கூடாது, கோட்டைப் பார்க்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்கும் கறுப்பு வில்லைக்கும் இடையில் ஒரு கீற்றேனும் வெள்ளை ஐஸ் தெரிந்தால் கோல். தெரியாவிட்டால் இல்லை. என் முகத்துக்கும் அந்தக் கையுறைக்கும் இடையில் கண்ணாடியும் வலையும் மட்டுமே. கையுறைக்குக் கீழே, என் பக்கமாக, வில்லையின் விளிம்பு தெரிந்தது. அது சிவப்பின் மேல் கிடந்தது. வெள்ளை இல்லை.

"கோட்டிலைதான் மாமா," என்றாள் ஜசிந்தா, கிடந்தபடியே. "நான் கை எடுக்கேல்லை. வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். பிறகு நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தேன். அவர் உதட்டோரத்தில், எனக்குத் தெரியும் என்பதுபோல ஒரு சிரிப்பு. என் பெருவிரல் பொத்தானை அழுத்தியது.

விளக்கு எரிந்ததும் கூச்சல். யாரோ ஒருத்தி மட்டையால் குத்தி வில்லையைக் கையுறைக்குக் கீழிருந்து வலைக்குள் தள்ளிவிட்டாள். இனிப் பார்க்க எதுவும் இல்லை. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, முடிவு களத்தில் நிற்கும் பிரதான மத்தியஸ்தருடையது. அவர் சறுக்கிவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "முழுவதும் உள்ளேயா?" என்று கேட்டார். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம்.

"தூத்தா," என்றேன். முழுவதும்.

ஜசிந்தா எழுந்து, அன்றுதான் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். முகமூடிக் கம்பிகளுக்குப் பின்னால் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் கோபத்தை எதிர்பார்த்தேன். அது இல்லை. ஏதோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவள்போல நின்றாள். அந்த ஒரு கோலால் தோற்றோம்.

எதிரணி மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, இப்படியொரு மனிதனைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். டிரெத்தோரே எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார்.

"கிராத்ஸியே, புரொபெஸ்ஸோரே. உம்மைப் பார்க்கிறார்கள், கவனமாக இரும் என்று சொன்னேன். உம்மைச் சுவிற்சர்லாந்துபோல நடுநிலை நாடாக மாறச் சொன்னது யார்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நகரத்தில் சொந்த அணிக்குக் கொஞ்சம் சாய்கிற கோல் நடுவரை எவரும் அதிசயமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த மேலாளரும் பார்த்திருக்கமாட்டார்; தன் ஊரில் தன் ஆளை அப்படித்தான் வைத்திருப்பார். என் நேர்மை யாருக்கும் தேவைப்படவில்லை. அது நேர்மையாகவும் இல்லை.

எங்கள் சனத்துக்குக் கோபம். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் ஒருவர், "வெள்ளைக்காரனுக்கு வால் ஆட்டப்போய் எங்கடை பெட்டையைக் கடிச்சிட்டார் மாஸ்ரர்" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே. றெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது ஜசிந்தாவே நடுவில் வந்து நின்றாள்.

"ஏன் எல்லாரும் மாமாவைத் தின்னுறியள்? அவருக்குக் கண் தெரியாது. கனநாளா எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போயிடுமெண்டு சொல்லாமல் இருந்தவர், பாவம்."

சனம் உடனே இளகியது. கண் தெரியாதவனை வெறுப்பது சிரமம். அடுத்த நாளே அவள் என்னைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் எழுத்து அட்டை. கடைசி வரிவரை எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நான்காவது வரியில் ஓர் எழுத்தைப் பிழையாக வாசித்தேன், ஐந்தாவதில் பாதியை, ஆறாவதில் கையை விரித்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவன், சித்தியடையக் கூடாது என்று கவனமாக எழுதிய ஒரே பரீட்சை அது. ஜசிந்தா பக்கத்தில் நின்று, "பாத்தியளே, நான் சொன்னனான்" என்றாள்.

அந்தக் கண்ணாடியோடு தலையிடியும் வந்தது. இருமுறை ஐஸில் விழுந்தேன். சனம் இரக்கப்பட்டது. கண்ணாடி போட்டவனைக் கோல் நடுவராக வைத்திருக்க முடியாது என்று சிலர் சொல்வதாக டிரெத்தோரே சொன்னார். தண்ணீர் தெளிப்பதோடு நின்றுகொண்டேன். அடுத்த பருவம் பெண்கள் அணிக்குச் செலவழிக்க ஆளில்லை. அதன் பிறகு அரங்கும் இல்லை. ஜசிந்தாவின் விளையாட்டு வாழ்க்கை மூன்று பருவங்களோடு முடிந்தது. தாயை விட்டு வடக்குக்குப் போக மனமில்லாமல் நின்றுவிட்டாள் என்று சனம் பேசிக்கொண்டது. நானும் அதை நம்ப விரும்பினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். இத்தாலியச் சுவாமியாருக்கு ஐஸ் ஹொக்கி தெரியாது. கோடு, வில்லை எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில், "விளையாட்டுத்தானே, மகனே" என்று ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை.

தொலைக்காட்சியில் கமெராவைக் கண்ட அடுத்த நாள் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் பஸ் எடுத்தேன். ஜசிந்தா இப்போது அங்கே ஒரு மீன் உணவகத்தில் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிறாள். மதியக் கூட்டம் போய்விட்டிருந்தது. மட்டிச் சிப்பிகளின் நாரை இழுத்து இழுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, சொல்லாமல் கொள்ளாமல்?"

"ஒரு விசயம் கதைக்க வேணும்."

"கதையுங்கோ. கைதான் வேலை, காது சும்மா."

சொன்னேன். மேலாளரின் சிரிப்பு, அக்காவின் மகன், பொத்தான், "தூத்தா", கண்ணாடிக்கடை எல்லாவற்றையும் ஒழுங்காக, வகுப்பில் தேற்றத்துக்கு நிறுவல் எழுதுவதுபோலச் சொன்னேன். பாதியிலேயே அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப கோடு தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது."

"வில்லை?"

"கோட்டிலை கிடந்தது. உன்ரை கைக்குக் கீழை."

அவள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கண் தெரியாதெண்டு சனத்துக்குத்தான் சொன்னனான் மாமா. நான் நம்பேல்லை. கடைக்குப் போறதுக்கு முதல் நாள்தானே பூசையிலை கடைசி வாங்கிலிலை இருந்து பலகையிலை கிடந்த பாட்டு நம்பரை எனக்கு வாசிச்சுச் சொன்னனீங்கள். கடையிலை நீங்கள் பிழையா வாசிக்கேக்கை நினைச்சன்: உள்ளை போனதை உள்ளையெண்டு உண்மையைச் சொல்லிப்போட்டு, இப்ப எனக்கு மரியாதை போகக்கூடாதெண்டு குருடனாவும் நடிக்கிறார் இந்த மனுசன்."

அவள் ஏப்ரனை விட்டாள்.

"அந்த வடக்குப் பயிற்சியாளர் பிறகு ரெலிபோன் எடுத்தவ. தோத்தாப் பரவாயில்லை, வா எண்டவ. நான் போகேல்லை. எனக்கு வில்லை கோட்டிலை கிடந்த மாதிரித்தான் கிடந்தது. நீங்கள் உள்ளை எண்டனீங்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டியள். அப்ப என்ரை காலும் கையும்தானே பொய் சொல்லுது? கோடு எங்கையெண்டு தெரியாதவளை ஏன் அவையள் கூட்டிக்கொண்டு போகவேணும்?"

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை மூடிவிட்டு வந்தாள். சிப்பி வாளியைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நான் பிடிச்சனான்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப போங்கோ மாமா. பஸ் வரும். இண்டைக்கு உங்களோடை கதைக்க என்னாலை ஏலாது. இன்னொரு நாள் வாங்கோ, சமைச்சுத் தாறன்."

இன்னும் போகவில்லை. அதற்குப் பதிலாக இருந்து இதை எழுதினேன். நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும், பொறுத்திருப்பேன். அவள் போடச் சொன்னால் மட்டும் மலரில் போடுங்கள், தம்பிமாரே.